தெருவில் தேங்கும் நீரை இணைய வரைபடத்தில் பதிவது எப்படி?

சென்னையின் வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ எந்தத் தெருவில் முதலில் நீர் தேங்கும் என்பதை அங்கு வாழ்பவர்களே நன்கறிவர். அந்த அறிவை, தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்ட யூமேப் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பதியலாம். புதிய வரைபடத்தைத் திறந்து, நீர் தேங்கிய இடத்தில் புள்ளி வைத்து, நாள், நேரம், கணுக்கால் அளவா முழங்கால் அளவா என்ற ஆழம் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள்; நாள் குறிக்கப்படாத புள்ளியால் திட்டமிடுவோருக்குப் பெரிய பயனில்லை என்றே கருதுகிறேன். மழைநீர் வடிகால்களைத் தனி அடுக்கில் கோடுகளாக வரையுங்கள். பிறகு கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் திறந்து, 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் பெருகிய விதத்தை ஆண்டுவாரியாக ஒப்பிட்டால், நீர் ஏன் அத்தெருவுக்கு வருகிறது என்பது ஓரளவு புலப்படும். தனிநபர் பெயர்களையும் வீட்டு எண்களையும் தவிர்த்து, வரைபடத்தின் இணைப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அதாவது அக்டோபருக்குள், உங்கள் வார்டு உறுப்பினரிடம் கொண்டுசேருங்கள்.