ஹோர்ட்டன் சமவெளியில் வனவிலங்குகளைக் காண்பது எப்படி?

தொலைக்காட்சியில் செரெங்கெட்டியின் சிங்கங்களைப் பார்த்து, ஒருமுறையாவது ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போய்வர வேண்டும் என்று ஆசைப்படும் மலையகத்தவர் பலர், தம் வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியை, ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறைவிளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும் இடமாக மட்டுமே எண்ணியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க சஃபாரியில் பெரும்பாலும் வாகனத்தை விட்டு இறங்க முடியாது. இங்கோ காட்டுக்குள் நடந்தே செல்லலாம். 2,100 மீற்றருக்கும் மேலான உயரத்தில் விரிந்து கிடக்கும் இப்பகுதி 1988ஆம் ஆண்டு தேசிய பூங்காவாகவும், 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. முன்பு இங்கே யானைகளும் இருந்தன. ஆங்கிலேயர் காலத்து வேட்டையில் அவை அடியோடு அழிந்துபோனதை எண்ணும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

முதலில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். காலை ஆறு மணியளவில் வாயிலில் நிற்பதுபோல் புறப்பட வேண்டும். ஒன்பது, பத்து மணியாகிவிட்டால் பனிமூட்டம் ஏறிப் பள்ளத்தாக்கை மட்டுமல்ல, பத்தடி தூரத்துப் புதரையும் மறைத்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் வறண்டவை என்பதால் ஏற்றவை. ஆனால் அக்காலத்து விடியலில் புல்லின்மீது உறைபனி படிவதும் உண்டு, ஆகவே கம்பளி உடையும் நல்ல சப்பாத்தும் அவசியம். பட்டிப்பொல பக்கமாக வருபவர்கள், பூங்காவுக்குப் போகும் வழியில் அரெங்கா குளம் எனப்படும் சிறிய நீர்நிலையருகே, இருள் பிரியும் முன்பே வாகனத்தின் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவி அங்கே வருவதுண்டு. அதன் கூர்மையான சீழ்க்கை முதலில் கேட்கும். பிறகு, தோளில் ஒளிரும் நீலத் திட்டுடைய கருநீல ஆண் பறவை ஓரிரு கணம் கண்ணில் படலாம்.

பூங்காவுக்குள் எளிதில் காணக்கூடியது மரை. வாகனத் தரிப்பிடத்தருகே பெரிய கொம்புகளுடன் நிற்கும் ஆண் மரைகள் மனிதருக்குப் பழகிவிட்டவை. அவற்றுக்கு ரொட்டியோ பழமோ கொடுக்காதீர்கள். தின்பண்டத்தோடு பொலித்தீன் உறையையும் விழுங்கிவிடும் விலங்கின் வேதனையை நாம் பார்க்கப்போவதில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. உண்மையான காட்சி, சற்று நடந்து புல்வெளி ஓரத்தில் நின்றால்தான் கிடைக்கும்: ஈர உரோமம் விடைத்திருக்க, மூக்கிலிருந்து ஆவி கிளம்ப, இரு செவிகளையும் வெவ்வேறு திசைகளுக்குத் திருப்பியபடி மேயும் கூட்டம். அந்தச் செவிகளைக் கவனியுங்கள். அவையிரண்டும் ஒரே பக்கம் திரும்பி, ஒரு மரை முன்காலால் தரையை உதைத்து உரக்கக் குரல் எழுப்பினால், அந்தத் திசையில் சிறுத்தை இருக்கக்கூடும்.

சிறுத்தையைக் காண்பது அரிது. ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் அஞ்சி இரையை மரத்தில் ஏற்றிவைக்கும் இவ்விலங்குக்கு, நம் தீவில் அத்தகைய போட்டியாளர் இல்லை. இங்கே உச்ச வேட்டைவிலங்கு அதுவே. அதிகாலையில் பூங்காப் பாதையைக் கடக்கும்போதும், மந்திகள் மரத்துக்கு மரம் தாவிக் கத்தும்போதும்தான் வாய்ப்பு அதிகம். கண்டுவிட்டால் துரத்தாமல், குழந்தைகளை அருகில் நிறுத்திக்கொண்டு, அது தானாக விலகும்வரை அசையாதிருங்கள்.

என் மனம் அதிகம் விரும்புவது கொம்பு ஓணானையே. பாசி படர்ந்த அடிமரத்தில், கண் மட்டத்துக்குக் கீழே, விரலளவு இடத்தை நிதானமாகத் தேடினால், மூக்கு நுனியில் வெண்ணிறக் கொம்பை நீட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் அச்சிறு உயிரைக் காணலாம். மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. தொடவோ கொப்பை வளைக்கவோ வேண்டாம். ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையை முடிக்க அவசரப்படுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அதே பாதையில் வரும் பேக்கர் நீர்வீழ்ச்சியை அரைமணி தாமதமாகப் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணி பகுதியில் காட்டுப்பன்றிக்காக வைக்கப்பட்டதாகக் கருதப்படும் சுருக்குக் கம்பியில் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, மீட்கப்பட்ட பின் உயிரிழந்தது. தேயிலை மலையிலோ காட்டோரத்திலோ சுருக்குக் கண்ணில் பட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள். விலங்கு சிக்கியிருந்தால் நெருங்காதீர்கள், கூட்டம் கூடவும் விடாதீர்கள்.

பனிமூட்டம் காலையிலேயே கவிந்துவிட்டால் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குத் திரும்பிவிடலாம். குளிர்காலத்தில் காஷ்மீர் ஈபிடிப்பானும் ஆறுமணிக் குருவியும் அங்கு வந்து தங்கும். நீரோடையை ஒட்டிய புதரோரங்களில், நடமாட்டம் குறைந்த பகுதியாகப் பார்த்துத் தொலைநோக்கியுடன் உட்காருங்கள்.