சூஃபி மொழியைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குர்ஆனின் 20ஆம் அத்தியாயத்தில் மூசா நபியிடம், "உம் காலணிகளைக் கழற்றிவிடும்" என்கிறான் இறைவன். இம்மை, மறுமை இரண்டின் மீதுள்ள பற்றையும் உதறிவிட்டு வா என்பது இதன் உட்பொருள் என்று சூஃபிகள் விளக்குவார்கள். உடனே ஒரு கேள்வி வரும்: "அப்படியானால் அங்கே காலணியே இல்லையா?" எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிடப் பெரிய தவறு இல்லை.

நேராகச் சொல்வது இபாரா. சுட்டிக் காட்டுவது இஷாரா. ஒன்று வந்தால் மற்றது போய்விடாது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் மிஷ்காத்துல் அன்வார் நூலில் இதே வசனத்தை எடுத்துக்கொள்கிறார். மூசா காலணியையும் கழற்றினார், இரு உலகையும் உதறினார் என்பது அவர் நிலை. வெளிப்பொருளைத் தள்ளுபவன் பாத்தினி, உட்பொருளைத் தள்ளுபவன் ஹஷவி, இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவனே முழுமையானவன் என்கிறார். நாய் இருக்கும் வீட்டில் வானவர்கள் நுழைவதில்லை என்ற நபிமொழிக்கும் அதே அளவுகோல்தான். உள்ளத்தில் குரைக்கும் சினத்தை விரட்ட வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம். அந்த விளக்கத்தைக் காட்டி வெளிக்கட்டளையை விட்டுவிட முடியாது.

922இல் பக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி ஹல்லாஜைப் பற்றிப் பேசும்போதும் ஒரு தவறு நடக்கிறது. "அனல் ஹக்" (நானே மெய்ப்பொருள்) என்ற ஒரே சொல்லுக்காக அவர் உயிர் போனது என்றே பலரும் எழுதுகிறார்கள். விசாரணையில் அவரை வீழ்த்தியது வேறொன்று: ஹஜ்ஜுக்குப் போக இயலாதவர் வீட்டிலேயே அதற்கு ஈடான சடங்கைச் செய்யலாம் என்று அவர் எழுதியதாகச் சொல்லப்பட்டது. அரசியல் பகையும் உடன் இருந்தது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் உறுத்தியது, உட்பொருள் வெளிச்செயலின் இடத்தைப் பிடித்துவிடுமோ என்ற அச்சம்தான். பரவச நிலையில் வாய் தவறி வரும் சொற்களை ஷத்ஹிய்யாத் என்று தனியாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கொள்கை விளக்கமாக எடுத்துக்கொண்டு ஏற்பதும் எதிர்ப்பதும் வீண்.

மது என்றால் இறைக்காதல், கூந்தல் என்றால் பன்மை உலகம் என்று அகராதி போட்டுப் படிப்பது மற்றொரு தவறு. பாரசீக சூஃபிக் கவிஞர் ஷபிஸ்தரி 1317இல் கண், உதடு, கூந்தல் பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதியது உண்மைதான். அவை வழிகாட்டும், பூட்டைத் திறக்கும் சாவி அல்ல. "நம் இல்மு (அறிவு) இஷாரா, அது இபாராவானால் மறைந்துவிடும்" என்று சூஃபி அபூ அலீ ரூத்பாரி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அகராதி செய்வது அந்த மறைப்பைத்தான்.

குர்ஆன் வசனத்துக்குச் சொல்லப்படும் இஷாராவைத் தஃப்ஸீராகவே, அதாவது வசனத்தின் நேரடி விரிவுரையாகவே, மேற்கோள் காட்டக் கூடாது. வெளிப்பொருளுக்கு முரணாக இருக்கக் கூடாது, இதுதான் ஒரே பொருள் என்று உரிமை கோரக் கூடாது என்று அறிஞர்கள் நிபந்தனை வைத்திருக்கிறார்கள்.

சூஃபி ஞானி இப்னு அரபியின் (1165–1240) காதல் கவிதைகளிலோ தவறு இரு பக்கமும் நடக்கிறது. மக்காவில் சந்தித்த நிளாம் என்ற பெண்ணை அவரே முன்னுரையில் புகழ்கிறார். பிறகு சிலர் ஐயுற்றபோது, ஒவ்வொரு வரிக்கும் ஞானப்பொருள் கூறி உரையும் எழுதினார். ஐயுற்றவர்கள் உட்பொருளைக் காணவில்லை. இன்று அவரைக் காப்பாற்ற முனையும் சிலர், நிளாம் என்று ஒரு பெண்ணே இல்லை என்கிறார்கள். முன்னுரையையும் உரையையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். எழுதியவர் இரண்டையும் விட்டுவைத்துத்தான் போயிருக்கிறார்.