கடன் வசூல்காரரிடம் போனில் பேசுவதா, எழுத்தில் பதில் தருவதா?

வசூல் ஏஜென்ட் போன் செய்தால், அந்த அழைப்பிலேயே கடனை முடித்துவிடப் பார்க்காதீர்கள். விவரம் வாங்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பேசுபவர் பெயர், நிறுவனத்தின் பெயர், தபால் முகவரி, கோப்பு எண், முதலில் கடன் கொடுத்தவர் யார், இப்போது கேட்கும் தொகை எவ்வளவு. இத்தனையையும் தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். முகவரி கேட்டதும் மழுப்பினால் மோசடி அழைப்பா என்று சந்தேகப்பட வேண்டியதுதான். கணக்கு எண், கார்டு எண், ஓடிபி எதையும் சொல்லக் கூடாது.

"ஆமா, தரணும்தான், கொஞ்சம் டைம் கொடுங்க" என்பதுதான் பதற்றத்தில் வாயில் முதலில் வரும். தொகை சரியா என்று பார்க்கும் முன்பே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பக்கம் அழைப்பு பதிவாகிக்கொண்டும் இருக்கலாம். இப்படிச் சொல்லுங்கள்: "விவரத்தை எழுத்துல அனுப்புங்க, பார்த்துட்டு எழுத்துலயே பதில் தர்றேன்." வற்புறுத்தினாலும் இதே வரிதான். பிறகு போனை வைத்துவிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

கடிதம் அரைப் பக்கம் போதும்:

"கோப்பு எண் … தொடர்பாக. நீங்கள் கேட்கும் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அசல், வட்டி, கட்டணம் தனித்தனியாகப் பிரித்த கணக்கு, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, வசூலிக்க உங்களுக்குள்ள அதிகாரத்தின் நகல் ஆகியவற்றை அனுப்பவும்."

கணக்கில் சந்தேகம் இல்லையென்றால் இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடுங்கள். பொய்யாக மறுத்தால் பின்னால் உங்களையே குத்தும். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள்.

அமெரிக்காவில் இந்தக் கடிதத்துக்குத் தனி பலம் உண்டு. வசூல் நிறுவனத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால், ஆதாரம் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும் என்கிறது 1977ஆம் ஆண்டுச் சட்டம். போனில் சொன்ன ஆட்சேபத்துக்கு அந்தப் பலன் கிடையாது.

எழுத்தும் சில நேரம் காலை வாரிவிடும். இந்தியாவில் பிணையில்லாத கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. அது முடிவதற்குள் பாக்கி இருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டால், கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். கெடு முடிந்த பிறகும், கட்டுவதாக எழுதிக் கையெழுத்திட்டால் செத்த கடனுக்கு உயிர் வரும். ஆகவே பழைய கடன் என்றால் மன்னிப்பு, வீட்டுக் கஷ்டம், "கண்டிப்பாகக் கட்டிவிடுகிறேன்" எதுவும் கடிதத்தில் வேண்டாம்.

போனில் தொகையைக் குறைத்துப் பேசி முடித்திருந்தால் உடனே பணம் அனுப்ப வேண்டாம். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், மீதித் தொகை தள்ளுபடி, இத்துடன் கணக்கு முடிந்தது. நான்கும் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதத்தில் வரட்டும். "மீதித் தொகை தள்ளுபடி" என்ற சொல் விடுபட்டால், கட்டியதை வெறும் தவணையாக வரவு வைத்துவிட்டு மிச்சத்துக்கு மறுபடி போன் வரும். பணம் நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும், ஏஜென்டின் சொந்தக் கணக்குக்கு அல்ல.

கோர்ட் சம்மன் வந்துவிட்டால் வசூல்காரருக்கு எழுதும் கடிதம் எதற்கும் உதவாது. குறித்த தேதிக்குள் கோர்ட்டில்தான் பதில் தாக்கல் செய்ய வேண்டும்.