மேட்டில் இழுக்காத பிக்கப்: பாகம் மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமதளத்தில் குறையில்லாமல் ஓடுகிறது. சுமை ஏற்றி மேட்டில் ஏறினால் மட்டும் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் வேகம் இறங்கிக்கொண்டே போகிறது. இந்தக் குறையோடு வரும் பிக்கப்பின் உரிமையாளர்களில் பலர் அதற்குள் இரண்டு மூன்று பாகங்களை மாற்றியிருப்பார்கள். நானும் என் வண்டிக்கு அப்படித்தான், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாற்றினேன். மறுநாள் அதே மேட்டில் அதே திணறல். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. வண்டி நிற்கும்போது அது மூடியே கிடக்கும். காற்றழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். அன்றிலிருந்து, ஏற்றத்தில் வரும் குறையை ஏற்றத்திலேயே பார்க்காமல் எந்தப் பாகத்தையும் நான் கழற்றுவதில்லை.

நின்ற இடத்தில் இன்ஜினை முறுக்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வதுதான் இதில் மிகப் பெரிய தவறு. சுமையில்லாமல் சுழலும் இன்ஜினுக்குக் கொஞ்சம் எரிபொருளும் கொஞ்சம் காற்றும் போதும். பாதி அடைத்த டீசல் ஃபில்டர்கூட அந்த அளவைக் கொடுத்துவிடும். முழு இழுவை கேட்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். ஆகவே வண்டியின் கணினியில் உள்ள எண்களைக் காட்டும் ஸ்கேனரை இணைத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்களைப் பதிவு செய்யச் சொல்லி, சுமையோடு மேடேற வேண்டும். வண்டி ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது.

டீசல் வண்டியில் இரண்டு ஒப்பீடுகள் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். கணினி கேட்கும் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு தரும் குழாய்) அழுத்தத்துக்கும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்துக்கும் இடைவெளி விழுந்தால், முதலில் எரிபொருள் வரும் பாதையைத் தேடுங்கள்: டேங்கில் உள்ள சல்லடை, ஃபில்டர், வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும் தளர்ந்த டீசல் குழாய் இணைப்பு, பம்ப். கேட்ட டர்போ அழுத்தம் கிடைக்கவில்லை என்றால் ஹோஸ்கள், கிளாம்ப்கள், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர், அதற்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையும் பேசும். கரும்புகை கக்கிக்கொண்டு இழுவை குறைந்தால் எரிபொருள் வருகிறது, காற்றுதான் போதவில்லை. புகையே இல்லாமல் சோர்ந்துபோனால் எரிபொருளைச் சந்தேகிக்கலாம். ஆனால் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி) பொருத்திய வண்டிகளில் புகை வெளியே தெரியாது. அங்கே இந்தக் குறிப்பை நம்பக் கூடாது.

அடுத்தது, இன்ஜினையும் அதன் பின்னால் இருப்பவற்றையும் குழப்பிக்கொள்வது. ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் இன்ஜினில் குறை இல்லை, கிளட்ச் நழுவுகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளைப் பாகத்தின் பெயராகப் படிப்பதும் பணத்தைக் கரைக்கும். பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு என்று மட்டுமே பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்வதில்லை. பி0087 ரெயில் அழுத்தம் குறைவு என்கிறது. பம்ப் மீது அது தீர்ப்பு எழுதவில்லை. பெட்ரோல் வண்டியில் பி0171 (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை) வந்தால், அதை ஈடுகட்டக் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது என்ற திருத்த அளவைப் பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தால் எங்கோ காற்றுக் கசிவு. சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கேறிய காற்றளவு சென்சர். எதையும் அழிப்பதற்கு முன், குறியீடு விழுந்த நொடியில் கணினி சேமித்த ஆர்பிஎம், சுமை, வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அந்தச் சாட்சியமும் போய்விடும்.

சாவியை அணைத்துப் போட்டதும் இழுவை திரும்பி வந்து, மீண்டும் அதே மேட்டில் பறிபோகிறதா? கணினியே பாதுகாப்புக்காகச் சக்தியைக் குறைக்கிறது என்று கொள்ளலாம். நெடுநேரம் ஓடிய பிறகு மட்டும் சோர்ந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று சீறி உள்ளே போய், வண்டி தெளிந்தால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு பைசா பாகமும் வேண்டாம்.

பெட்ரோல் வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்தாலும் மேட்டில் மூச்சு முட்டும். முன்பக்க ஆக்சிஜன் சென்சரின் துளையில் அழுத்தமானியை வைத்து அளந்தால், 2,500 ஆர்பிஎம்மில் புகையின் அழுத்தம் பொதுவாக 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். அடைப்பு உறுதியானாலும் புதியதை உடனே மாட்டாதீர்கள். சரியாக எரியாத சிலிண்டரிலிருந்து வந்த பெட்ரோல்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பீங்கானை உருக்கியிருக்கும். ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் சரிசெய்யாவிட்டால் புதியதும் உருகும்.

எந்தக் குறையும் இல்லாமலும் இழுவை குறையும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. அதற்குக் குறைந்த கியரைப் போடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே சொல்கிறேன். காமன் ரெயில் டீசலில் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவித் தேடவோ கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு) மேல் போகும். ஊசித் துளை வழியாகப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடலாம். அப்படிப் பட்டுவிட்டால் காயம் சிறிதாக இருக்கிறதே என்று வீட்டில் காத்திருக்காமல், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லி அப்போதே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.