பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் அமினோ அமிலம் சேர்க்கும் முறை

தாயிடமிருந்து பிரித்த முதல் இரண்டு வாரங்களில்தான் பன்றிக்குட்டிகள் அதிகமாக மெலிகின்றன, கழிச்சல் கண்டு துவண்டுபோகின்றன. குட்டி தேற வேண்டும் என்ற அக்கறையில் அந்நேரத்தில் சோயா புண்ணாக்கைக் கூட்டிப் போடுவது நம் பண்ணைகளில் பலருடைய வழக்கம். ஆனால் அந்த வயதில் குட்டியின் இரைப்பை அமிலமும் செரிமான நொதிகளும் போதிய அளவு சுரப்பதில்லை. செரிக்காமல் மிஞ்சும் புரதம் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள தீய நுண்ணுயிர்களுக்கு இரையாகிக் கழிச்சலை வளர்க்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சரம்தான்; ஆகவே அமினோ அமிலத்தைத் தீவனத்தின் மேல் தூவும் சத்துப்பொடியாக எண்ணாதீர்கள். சோயாவில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு, அந்தக் குறையை ஈடுசெய்யும் பொருளாகவே அதைக் கையாள வேண்டும்.

முதற்படி, தேவையைக் குறித்துக்கொள்வது. உடல் தசையை உருவாக்கும்போது அமினோ அமிலங்களைச் சரமாகத் தொடுக்கிறது. அவற்றுள் ஒன்று தீர்ந்தாலும் சரம் அங்கேயே நின்றுவிடும். எஞ்சியவை சிதைந்து யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறும். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் தீர்ந்துபோவது லைசின் என்பதால், கணக்கை அதிலிருந்தே தொடங்குகிறோம். 11 முதல் 25 கிலோ வரை எடையுள்ள குட்டிகளுக்குச் செரிக்கத்தக்க லைசின் 1.23 சதவீதம் வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2012-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. அதாவது 100 கிலோ தீவனத்தில் 1,230 கிராம். முன்கூட்டியே பிரிக்கப்பட்ட 5 முதல் 7 கிலோக் குட்டிகளுக்கு 1.5 சதவீதம் தேவைப்படுவதால், கீழுள்ள கலவை அவற்றுக்குப் போதாது.

இரண்டாம் படி, பற்றாக்குறையைக் கணக்கிடுவது. 100 கிலோ தீவனத்துக்கு மக்காச்சோளம் 66 கிலோ, 46 சதவீதப் புரதமுள்ள சோயா புண்ணாக்கு 30 கிலோ எடுத்துக்கொள்வோம். எண்ணெய், தாது உப்புக் கலவை, வைட்டமின், உப்பு, அமினோ அமிலங்கள் ஆகியவை சேர்ந்து மீதி 4 கிலோ. ஒரு கிலோ மக்காச்சோளத்தில் செரிக்கத்தக்க லைசின் ஏறக்குறைய 1.85 கிராம்தான், சோயாவில் 25 கிராம். எனவே மக்காச்சோளத்திலிருந்து 122 கிராமும் சோயாவிலிருந்து 750 கிராமும் ஆக 872 கிராம் கிடைக்கிறது. 358 கிராம் குறைகிறது. கடையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் 78 சதவீதமே லைசின். 358-ஐ 0.78-ஆல் வகுத்தால் வருகிற 460 கிராம்தான் நாம் சேர்க்க வேண்டிய அளவு. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த வகுத்தலில்தான்.

மூன்றாம் படி, லைசினோடு நின்றுவிடாமல் மற்ற அமினோ அமிலங்களையும் சரிபார்ப்பது. லைசினை 100 என்று வைத்தால் திரியோனின் 60, மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 55, டிரிப்டோபன் 16 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இவற்றுள் திரியோனினை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குடலின் உட்சுவரைப் போர்த்திக் காக்கும் சளிப் படலத்துக்கு அது பெருமளவில் தேவைப்படுவதால், கழிச்சல் கண்ட குட்டிக்கு அதன் தேவை மேலும் கூடும். நம் கலவைக்குத் திரியோனின் 150 கிராம், மெத்தியோனின் 150 கிராம் போதும். 30 கிலோ சோயா இருக்கும்வரை டிரிப்டோபன் தனியாகத் தேவையில்லை. சோயாவை இன்னும் குறைத்தால் டிரிப்டோபனும், வேலின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் பற்றாமல் போகும்.

நான்காம் படி கலப்பது. என் முதல் கலவையில் லைசினை அப்படியே மிக்சரில் கொட்டினேன். பத்து நாளில் ஒரே கொட்டிலில் சில குட்டிகள் மினுமினுவென்று வளர, சில வற்றிப்போய் நின்றன. மூட்டையின் அடியில் கைவிட்டு அள்ளியபோது வெளிர்பழுப்பு நிறக் குருணை திட்டுத்திட்டாக விரலில் ஒட்டியது. அன்றிலிருந்து, மூன்று அமினோ அமிலங்களையும் சிறிய மின்னணுத் தராசில் நிறுத்து, 2 கிலோ மக்காச்சோள மாவில் கையால் நன்றாகப் பிசறி, அதைத் தாது உப்புக் கலவையோடும் இன்னும் கொஞ்சம் மக்காச்சோள மாவோடும் சேர்த்து 10 கிலோவாகப் பெருக்கிய பிறகே பெரிய கலவையில் கொட்டுகிறேன். மெத்தியோனினுக்குக் கந்தக வாடை இருக்கும். கெட்டுப்போனது என்று எறிந்துவிடாதீர்கள். அமினோ அமிலம் கலந்த தீவனத்தை அடுப்பில் வேகவைக்கவும் கூடாது. அதிகச் சூட்டில் லைசின் சர்க்கரையோடு பிணைந்து பயனற்றதாகிவிடும். கருகிச் சிவந்த சோயா புண்ணாக்கை வாங்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுவே.

கடைசியாக, புதிய தீவனத்தைப் பழையதோடு சேர்த்து நான்கைந்து நாள்களில் மெல்ல மாற்றுங்கள். குடிநீர் எந்நேரமும் இருக்கட்டும். கழிச்சலைத் தீவன மருந்தால் மூடி மறைக்கும் பழக்கம் இனி உதவாது. கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலப்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்துவிட்டது. சாணம் இறுகுகிறதா என்று தினமும் பாருங்கள்; அதே குட்டிகளை வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். சோயா மூட்டை மாறும்போதெல்லாம் அதன் புரத அளவைக் கேட்டு, இரண்டாம் படியிலிருந்து கணக்கை மறுபடி போடுங்கள்.