போன் கோலுக்குப் பழக்குவது: ஓட்டிசம் உள்ள இளையோருக்கு

ஓட்டிசம் உள்ள பலருக்குக் கதைப்பதைவிட, எதிரில் இருப்பவரின் முகம் தெரியாததும் தன் முறை எப்போது என்று பிடிபடாததும்தான் கஷ்டம். முதல் வாரம் கோல் வேண்டாம். வட்ஸ்அப்பில் 10 செக்கன் குரல்பதிவு போதும்.

பிறகு நீங்கள் குசினியில், பிள்ளை விறாந்தையில் இருந்து 1 நிமிடக் கோல். ரிங் சத்தத்துக்குத் திடுக்கிட்டால் வைப்ரேஷனில் விடுங்கள்.

கையில் ஒரு அட்டை இருக்கட்டும்:

"வணக்கம் அண்ணை. கடை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்கள்?"
"விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ."
"சரி, நன்றி. வைக்கிறன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எப்படி முடிப்பது என்று தெரியாமல்தான் பலர் போனைப் பிடித்தபடி நிற்பார்கள்.

வெளியாளுக்கான முதல் கோலுக்கு முன் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்: கேள்வி கேட்டபின் 5 செக்கன் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு வேறு சொற்களில் திரும்பக் கேட்டால், பிள்ளை முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும். (இதில் பிழைவிடுவது பெரும்பாலும் வீட்டாக்கள்தான்.)

வன்னியின் உள்கிராமங்களில் சிக்னல் வீட்டுக்குள் அறுந்துபோகும். "அவர் கோபத்தில் வைச்சிட்டார்" என்று பிள்ளை நினைக்கும். கதைக்கும்போதே வேண்டுமென்று ஒருக்கால் கட் பண்ணிக் காட்டுங்கள். கட் ஆனால் 1 நிமிடம் பொறுத்து ஒரேயொரு தரம் எடுப்பது, கிடைக்காவிட்டால் மெசேஜ் போடுவது. எண்ணிக்கை சொல்லாவிட்டால் இருபது தரம் எடுக்கவும் கூடும்.

1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு ஒத்திகைக் கோல் எடுக்கக்கூடாது. நிறுத்திய போனில் நடித்துப் பழகுங்கள். இருக்கும் இடத்தைச் சொல்லப் பழக்குங்கள்: ஊர், சந்தி, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை, இந்த வரிசையில்.