பி.பார்ம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்தியல் பட்டப்படிப்பான பி.பார்மில் சேரும் பலருக்கு மனசு இன்னும் நீட் தேர்விலேயே இருக்கிறது. இந்த வருஷம் பேருக்கு இங்கே இருப்போம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாண்டை ஓட்டிவிடுகிறார்கள். இந்தப் படிப்பில் கோட்டை விடவே கூடாத ஆண்டு அதுதான். பார்மசி கவுன்சில் விதிப்படி, முதல் இரண்டு செமஸ்டர் பாடங்கள் அத்தனையிலும் தேறினால்தான் ஐந்தாம் செமஸ்டர் வகுப்பில் உட்கார முடியும். ஏழாம் செமஸ்டருக்குப் போக முதல் நான்கு செமஸ்டரும் முடிந்திருக்க வேண்டும். அரியரைக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று பொறியியல் படிக்கும் நண்பர் சொல்வது இங்கே எடுபடாது. ஒரே ஒரு பேப்பர் ஒரு வருஷத்தைத் தின்றுவிடும். வருகைப்பதிவும் ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாக 80 சதவீதம் வேண்டும்.

பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களுக்கு முதல் செமஸ்டரில் ரெமீடியல் மேத்ஸ் என்று, விட்டுப்போனதை ஈடுகட்டும் கணக்குப் பாடம் இருக்கும். மருந்துக்கு எதற்குக் கணக்கு என்று அதைப் பாஸ் மார்க்கோடு விட்டுவிடாதீர்கள். மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று ஆறாம் செமஸ்டரில் கணக்கிடும்போது லாகரிதம் திரும்ப வந்து நிற்கும்.

ஆனால் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒவ்வொரு பேப்பரையும் தனித்தனித் தீவாகப் படித்து, தேர்வு முடிந்ததும் மூட்டை கட்டி வைப்பது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின், ஆஞ்சியோடென்சின் பற்றி இரண்டாம் செமஸ்டரில் சிறுநீரகம் நடத்தும்போதே சொல்லிவிடுவார்கள். ஐந்தாம் செமஸ்டரில் அதே கதை பார்மகாலஜியில் இரத்த அழுத்த மருந்தாகவும், மெடிசினல் கெமிஸ்ட்ரியில் மூலக்கூறு அமைப்பாகவும் வருகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் அந்த மாத்திரை ஏன் வறட்டு இருமல் தருகிறது என்று புரியும். ஆஞ்சியோடென்சினை மாற்றும் அதே நொதிதான் உடம்பில் உண்டாகும் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. எனலாப்ரில் அந்த நொதியைத் தடுப்பதால் பிராடிகைனின் சேர்ந்து, தொண்டை கரகரக்கிறது. இன்னொரு பிரஷர் மாத்திரையான லோசார்டன் அந்த நொதியைத் தொடுவதில்லை, ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் ஏற்பியை மட்டும் அடைக்கிறது. அதனால் அதில் இந்த இருமல் அரிது. நாளைக்கு ஒரு பெரியவர் கடைக்கு வந்து இருமல் சிரப் கேட்டால், "பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். தேவைப்பட்டால் டாக்டரிடம் திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும். பக்கவிளைவுப் பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு அந்தக் கேள்வி வாயில் வராது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து வரிக்கு வரி உருப்போடுகிறார்கள். மருந்து வேலை செய்யும் விதத்தை முதலில் தமிழில் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிப் பாருங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

அளவுக் கணக்கை இரண்டு மதிப்பெண் சமாச்சாரமாக நினைப்பதும் ஆபத்து. குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் 5 மி.லி. சரியான அளவு; இரண்டாவதில் அதே 5 மி.லி. அதிகமாகிவிடும். சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அதைப் போய் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி.! "பாட்டிலில் எவ்வளவு போட்டிருக்கு?" என்று பார்க்கும் பழக்கம் கல்லூரியிலேயே வந்துவிட வேண்டும்.

லேபில் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுவது பல கல்லூரிகளில் நடக்கிறது. கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு கண்டுபிடிக்கும் டைட்ரேஷனில் மதிப்பு தப்பாக வந்தால் வரட்டும். ஏன் தப்பியது என்று தேடும்போதுதான் கை பழகும். தூள் கரையாமல் மிதக்கும் திரவ மருந்தான சஸ்பென்ஷன் செய்யும்போது பாட்டிலை ஓரமாக வைத்து மறுநாள் போய்ப் பாருங்கள். தூள் அடியில் தளர்வாகப் படிந்திருந்தால் குலுக்கினதும் கலந்துவிடும். கெட்டிதட்டிப் போயிருந்தால் என்ன குலுக்கியும் எழும்பாது. அப்படிப்பட்ட மருந்தில் முதல் வேளைகளில் நோயாளிக்கு வெறும் நீர்தான் போகும். "நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்" என்று லேபிளில் ஏன் போடுகிறோம் என்பது அந்த ஒரு பாட்டிலிலேயே விளங்கிவிடும்.

ஆறாம் செமஸ்டர் முடிந்ததும் நான்கு வாரம், குறைந்தது 150 மணி நேரம், தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ பயிற்சி எடுக்க வேண்டும். போகாமலேயே சான்றிதழ் வாங்கும் வழியை யாராவது காட்டினால் மறுத்துவிடுங்கள். மாத்திரை இயந்திரம் ஓடுவதையும், ஒரு பேட்ச் ஏன் நிராகரிக்கப்படுகிறது என்பதையும் வகுப்பறையில் பார்க்க முடியாது.

படித்து முடித்ததும் இன்னொரு வலை காத்திருக்கும். "சர்டிபிகேட்டை மட்டும் கொடுங்க, மாசம் பணம் வந்துடும், நீங்க வரவே வேண்டாம்" என்பார்கள். மருந்துச் சீட்டுக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டம். நீங்கள் இல்லாத கடையில் யாரோ ஒருவர் மருந்தை மாற்றிக் கொடுத்தாலும், லைசென்ஸில் இருப்பது உங்கள் பெயர். வீட்டில் எவ்வளவு பணத்தேவை இருந்தாலும் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.